கார் ஷெட் சீலிங்கில் விளக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் கார் ஷெட்டில் கான்கிரீட் தளத்துக்கும் பி.வி.சி. சீலிங்குக்கும் நடுவே இரண்டரை அங்குலம்தான் இருக்கிறது. 12 வாட் டவுன்லைட் பதிக்கலாமா? – தாம்பரம் வாசகர்

கடைக்குப் போய் வாட்டைச் சொல்லாதீர்கள், உயரத்தைச் சொல்லுங்கள். அதே 12 வாட்டில் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் மெல்லிய பேனல் விளக்கும் கிடைக்கிறது, மூன்று அங்குலம் உள்ளே போகும் சி.ஓ.பி. விளக்கும் (எல்.இ.டி. சில்லுகளை ஒரே தகட்டில் நெருக்கிப் பதித்தது) கிடைக்கிறது. உங்கள் ஷெட்டுக்கு முதல் வகைதான் ஒத்துவரும்.

இரண்டரை அங்குலம் என்பது சுமார் 63 மில்லிமீட்டர். சட்டமும் ஒயர் குழாயும் போகிற இடத்தில் அதுவும் குறைந்துவிடும். அதனால் விளக்கு வரப்போகிற இடத்திலேயே அளக்க வேண்டும். சிறு துளையிட்டு, சைக்கிள் ஸ்போக் கம்பியைத் தளத்தில் முட்டும்வரை விட்டு, விரல் பிடித்த இடத்தை ஸ்கேலில் வைத்துப் பார்ப்பேன். மின் இணைப்பை நிறுத்திவிட்டுத்தான்.

பலரும் மறப்பது ஸ்பிரிங் கவ்விகளை. துளைக்குள் விடும்போது அவற்றை மேல்நோக்கி மடக்கிப் பிடிக்கிறோம். அப்போது அவை விளக்கின் முதுகைவிட உயரமாக நிற்கும். தளத்தில் இடித்தால் விளக்கு பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கும். கடையிலேயே கவ்வியை மடக்கி அளந்துவிடுங்கள்.

அடுத்தது டிரைவர். வீட்டு மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதுதான். விளக்கோடு ஒயரில் தொங்குகிற அந்தச் சிறு பெட்டி விளக்கின் முதுகில் கிடக்கக் கூடாது. ஒயர் எட்டும் தூரத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். நான் இதை என் வீட்டு போர்ட்டிகோவில் கற்றுக்கொண்டேன். நான்கு விளக்கு போட்டேன். இரண்டாவது மே மாதத்தில் இரண்டு கண்சிமிட்டத் தொடங்கின. பலகையைக் கழற்றினால், அந்த இரண்டின் டிரைவர்களும் விளக்கின் மேலேயே குப்புறக் கிடந்தன, பக்கத்துப் பலகை மஞ்சள் பூத்திருந்தது. மூடியைத் திறந்தேன். சுண்டுவிரல் நுனி அளவு எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்), தலை இட்லியைப் போல உப்பியிருந்தது. எல்.இ.டி.க்கு ஒன்றும் ஆகவில்லை. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழைய கணக்கு.

உங்கள் ஷெட்டுக்கு மேல் மாடி இல்லையென்றால், தளத்தில் வெயில், கீழே விளக்கின் சூடு, நடுவே காற்று நகராத இரண்டரை அங்குலம். ஆகவே 12 வாட்டில் மூன்று போடுவதற்குப் பதில் 6 வாட்டில் ஆறு போடுங்கள். சூடு ஓரிடத்தில் குவியாது. இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் பதிக்கிற ஆசையே வேண்டாம். சீலிங்குக்கு வெளியே திருகிப் பொருத்தும் விளக்கு அழகில் கொஞ்சம் குறைவுதான், ஆனால் பழுதானால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

பதினெட்டுக்குப் பத்து அடி ஷெட். எத்தனை விளக்கு வேண்டும்? – ஈரோடு வாசகர்

180 சதுர அடி, அதாவது சுமார் 17 சதுர மீட்டர். விளக்கு தரும் வெளிச்சத்தை லூமெனில் அளப்பார்கள், ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். கார் நிறுத்தி இறங்க 100 லக்ஸ் போதும் என்று வைத்தால் தரையில் 1,700 லூமென் விழ வேண்டும். சுவரும் வண்டியும் விழுங்குவதற்கு இன்னொரு மடங்கு சேருங்கள், 3,400. வாட்டுக்கு 90 லூமென் என்றால் 38 வாட் வருகிறது. 6 வாட்டில் ஆறு விளக்கு சரியாக இருக்கும்.

எண்ணிக்கையைவிட இடம்தான் முக்கியம். ஆறையும் நடுவில் ஒரே வரிசையாகப் போட்டுவிட்டு, காரின் கூரை மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி மின்ன, கதவைத் திறந்து இறங்குகிறவர் காலடி இருட்டாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பக்கத்துக்கு மூன்றாக, சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் போடுங்கள். வெளிச்சத்தின் நிறத்துக்கு 4,000 கெல்வின், மஞ்சளுக்கும் தூய வெள்ளைக்கும் நடுவே இருக்கும். வண்டியின் நிறம் உள்ளபடி தெரிய வேண்டுமென்றால், நிறத்தைச் சரியாகக் காட்டும் திறனின் அளவான சி.ஆர்.ஐ. 80க்குக் குறையாமல் வாங்குங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக மினுங்குகிறது. விளக்கில் கோளாறா? – நாகர்கோவில் வாசகர்

பெரும்பாலும் இல்லை. சுவிட்சில் சிறு சிவப்பு இன்டிகேட்டர் இருந்தால், அதன் வழியாகக் கசியும் மின்சாரமே போதும். இன்டிகேட்டர் இல்லையென்றால், மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் இருக்க வேண்டிய சுவிட்சை, அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் போட்டிருக்கக்கூடும். அது மினுக்கலோடு முடிகிற விஷயம் அல்ல. சுவிட்ச் அணைந்திருந்தாலும் விளக்கில் பேஸ் நிற்கும், மாற்றுகிறவர் கையை அடித்துவிடும். எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள்.

பரணுக்குக் கீழே கதவுள்ள டூல்ஸ் அலமாரி. ஆழம் பத்து அங்குலம். மேல்பலகையில் ஒரு விளக்கு பதித்தால் போதுமா? – மதுரை வாசகி

போதாது, அம்மா. முதல் தட்டு மட்டும் வெளிச்சமாகும், ஸ்பேனர் கிடக்கிற கீழ்த்தட்டு அப்படியே இருட்டாக இருக்கும். முன்பக்க நிலைச்சட்டத்தின் உட்புறம், இரு ஓரத்திலும் மேலிருந்து கீழாக 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப் ஓட்டுங்கள். வெறும் பலகையில் ஒட்டினால் கோடையில் பசை விட்டுப்போகும். அலுமினியச் சேனலுக்குள் வைத்தால் நிற்கும், சூடும் இறங்கும். டிரைவர் அலமாரிக்கு வெளியே இருக்கட்டும். தின்னர், பெட்ரோல் நனைந்த துணி அந்த அலமாரியில் இருந்தால், விளக்கு போடுவதற்கு முன் அவற்றை வெளியேற்றுங்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியும் ஷெட்டிலேயே இருக்கிறது. சீலிங் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? – கடலூர் வாசகர்

உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். தண்ணீர் ஊற்றுகிற லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவிடும் ஹைட்ரஜன் நேரெதிர், மேலே ஏறும். ஷெட்டை ஷட்டர் போட்டு மூடிவிட்டால், அது போய்ச் சேரும் இடம் உங்கள் சீலிங்கும் விளக்குத் துளைகளும்தான். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். சுவரின் உச்சியில் எப்போதும் திறந்திருக்கும் ஜன்னல் துளை இருந்தால் அந்த அளவுக்குச் சேராது. இல்லையென்றால் பேட்டரியைக் காற்றோட்டமுள்ள வேறிடத்துக்கு நகர்த்துங்கள். சுவிட்சையும் ஒயர் இணைப்புகளையும் பேட்டரிக்கு நேர் மேலே வைக்காதீர்கள்.

விலை குறைந்த டிரைவர் வாங்கலாமா? – ஓசூர் வாசகர்

அதன் மேல் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருந்தால் வாங்கலாம். எல்.இ.டி. டிரைவருக்கு இந்தப் பதிவு கட்டாயம்.

மழைச் சாரல் அடிக்கிற ஷெட். ஐ.பி. 65 விளக்கு போட்டால் கவலையில்லை என்கிறார் கடைக்காரர். – தூத்துக்குடி வாசகர்

ஐ.பி. எண் என்பது தூசும் தண்ணீரும் உள்ளே போகாமல் தடுக்கும் அளவு. பெட்டியைத் திருப்பிச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பதிக்கிற விளக்குகள் பலவற்றில் அந்த எண் முன்முகத்துக்கு மட்டும், முதுகும் டிரைவரும் ஐ.பி. 20தான், அதில் தண்ணீருக்குத் தடுப்பே இல்லை. சாரல் முகத்தில் படும், அதற்குச் சரி. தளம் ஒழுகினால் தண்ணீர் முதுகு வழியாக வரும். சீலிங்கில் பழுப்பு வட்டம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள், விளக்கை அப்புறம் வாங்கலாம்.