கண்ணாடிக்குள் போகிற படத்துக்கு எந்தப் பேப்பர்?

கேள்வி: அம்மா அப்பாவின் கல்யாணப் படம் ஒன்று கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. அதை 24க்கு 36 அங்குலத்தில் பெருப்பித்து, கண்ணாடி பிரேம் போட்டு ஹோலில் மாட்டப்போகிறோம். ஸ்டூடியோவில் பளபளப்பான கிளாஸி பேப்பர் நல்லது என்கிறார்கள், பிரேம் கடையில் பளபளப்பில்லாத மெட் என்கிறார்கள். லெமினேட் பண்ணினால் நூறு வருசம் நிற்குமாம். எதை எடுப்பது?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: லஸ்டர் பேப்பர் எடுங்கள். கண்ணைக் கூசும் பளபளப்பும் இருக்காது, ஒரேயடியாக மங்கலாகவும் இராது. கையால் தடவினால் மெல்லிய சொரசொரப்புத் தெரியும். பேப்பரின் தடிப்பைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்றுதான் சொல்வார்கள், 250 கிராமுக்குக் குறைந்தது வேண்டாம். இந்த அளவில் மெல்லிய பேப்பர் ஈரக்காற்றுப் பட்டதும் அலை அலையாக நெளிந்துவிடும்.

ஆனால் இரண்டு கடைக்காரரும் உங்களைத் தேவையில்லாத சண்டைக்குள் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் போனபிறகு கிளாஸிக்கும் மெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பாதி காணாமல் போய்விடும். ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிப்பது கண்ணாடியில், உள்ளே எந்தப் பேப்பர் இருந்தாலும் அது தெறிக்கத்தான் செய்யும். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் என்ன வைக்கப்போகிறீர்கள்?

ஒன்றும் வைக்காவிட்டால் நடப்பதைச் சொல்கிறேன். மாரியில், நவம்பர் டிசம்பரில், நம் பக்கத்தில் சுவரே வேர்க்கும். அந்த ஈரம் பிரேமுக்குள் புகுந்து படத்தின் மேற்பூச்சை இளக்கும், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதிலும் வழுவழுப்பான கிளாஸி சுலபமாக ஒட்டும். ஒட்டின இடம் வெளியிலிருந்து பார்த்தால் எண்ணெய் பட்ட மாதிரித் தெரியும். துடைத்தால் போகாது. சரி, கழற்றித் துடைப்போம் என்று இழுத்தால் முகம் கண்ணாடியிலும் உடம்பு பேப்பரிலும் நிற்கும். அப்படி ஒட்டியதைக் கழற்றவே கூடாது, கண்ணாடியோடு வைத்துத்தான் ஸ்கேன் பண்ண வேண்டும்.

ஆகவே படத்தைச் சுற்றி நாலு பக்கமும் மவுண்ட் போர்ட் என்கிற தடித்த அட்டையை வெட்டி வைக்கச் சொல்லுங்கள். அது வேண்டாம் என்றால், கண்ணாடி ஓரத்தில் 3 முதல் 5 மில்லிமீற்றர் மெல்லிய சட்டம் கொடுத்துப் படத்தைத் தள்ளி வைக்கலாம். 'அதெல்லாம் பழைய ஸ்டைல்' என்பார்கள். அவர்களுக்கு அது மினக்கேடு, அவ்வளவுதான். பிரேமின் பின்பக்கக் கீழ் மூலைகளில் இரண்டு றப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்று ஓடும்.

நூறு வருச லெமினேஷனா? கண்ணாடி போடுகிற படத்துக்கு அது எதற்கு? ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. ஓரத்தில் காற்றுப் புகுந்து கொப்பளித்தால் படமும் அதோடு போச்சு.

அடுத்தது, பனர் அடிக்கிற மெஷினில் வினைல் ஸ்டிக்கரை அடித்து, பலகையில் ஒட்டி, 'போட்டோ பிரிண்ட்' என்று தருகிற வேலை. ஆறடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஓரம் வெட்டின துண்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் பாருங்கள். பேப்பர் என்றால் கிழிந்த இடத்தில் வெள்ளை நார் தெரியும். ஸ்டிக்கர் என்றால் றப்பர் மாதிரி இழுபடும். துண்டு தர மாட்டோம் என்கிற கடையில் முற்பணம் கொடுக்காதீர்கள்.

பில்லைப் பார்த்தால் இன்னும் கோபம் வரும். '24×36 – 1' என்று எழுதியிருக்கும். பேப்பர் பெயர் இல்லை, மை எதுவென்று இல்லை. சில கடைகள் ஃபைலைக் கொழும்புக்கு அனுப்பி அடித்து எடுப்பார்கள். என்ன பேப்பரில் அடித்தார்கள் என்று நடுவில் கமிஷன் எடுப்பவருக்கே தெரியாது. ஒரு ஃபேன் வாங்கினால் வொறண்டி அட்டை கிடைக்கிறது, இத்தனை காசு கொடுத்து அடிக்கிற படத்துக்கு ஒரு வரி எழுதித்தர ஆளில்லை. பேப்பர் பெயர், கிராம், பிக்மென்ட் மையா (நுண்ணிய நிறத்தூள் கலந்தது) சாய மையா (கரைந்த சாயம்) என்ற மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மலிவான சாய மை ஜன்னல் வெயிலில் சீக்கிரம் வெளிறும். பிக்மென்ட் நின்று பிடிக்கும்.

உங்கள் படம் கறுப்பு வெள்ளை என்றபடியால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான கடைகள் கறுப்பு வெள்ளையையும் கலர் மைகளைக் கலந்துதான் அடிக்கின்றன. கலவை கொஞ்சம் பிசகினாலும் அம்மாவின் வெள்ளைச் சேலை பச்சை பாயும், அல்லது அப்பாவின் கன்னம் ரோஸ் அடிக்கும். கலர்ப் படத்தில் இந்தப் பிசகு கண்ணில் படாது, கறுப்பு வெள்ளையில் அது மட்டும்தான் கண்ணில் படும். கடையின் டியூப் வெளிச்சத்தில் சரியாகத் தெரிந்தது வீட்டு விறாந்தைக்கு வந்ததும் பச்சையாக மாறும். அதனால் முதலில் அதே பேப்பரில், அதே மெஷினில் ஏ4 அளவில் ஒன்று அடித்து வாங்குங்கள். காலை பத்து மணிக்கு வாசலில், வெயில் நேரே விழாத இடத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியை வைத்துப் பாருங்கள். நிறம் பாய்ந்திருந்தால் திருத்தச் சொல்லுங்கள். 'பெரிசாக அடித்தால் சரியாகும்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். பெரிசாக அடித்தால் பச்சையும் பெரிசாகத்தான் வரும். கறுப்பு, சாம்பல் மைகள் தனித்தனியாக உள்ள பிரிண்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அதில் அடியுங்கள்.

அப்புறம், பழைய படத்தை ஃபோனில் பிடித்து அனுப்பாதீர்கள். 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கேன் பண்ணி, பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடும். அதை 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 44 புள்ளிதான் மிஞ்சும். அப்படி அடித்தால் லஸ்டரும் ஒன்றுதான், நியூஸ் பேப்பரும் ஒன்றுதான்.