ஜாதிக்காய் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரி இறுதியாண்டு மாணவன். கொஞ்ச நாளாக ஐரோப்பியக் கடலோடிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மெகல்லன் எல்லோரும் உயிரைப் பணயம் வைத்துத் தெரியாத கடலில் இறங்கினார்கள். அந்தத் தேடல் நம்மிடம் ஏன் இல்லாமல் போனது? சோழர்களுக்குப் பிறகு நாம் ஏன் கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம்? பீரங்கி மட்டும்தான் வித்தியாசமா?

எம், திருச்சி

அன்புள்ள எம்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் பண்டா தீவுகளைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். வேறெதிலும் மனம் போகவில்லை. இல்லாவிட்டால் இவ்வளவு சீக்கிரம் பதில் வந்திருக்காது.

பரீட்சைக்கு வேண்டாததைப் படிக்கிற பிள்ளைகளை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் எழுதுகிறோம். அதனால் உங்கள் கடிதம் எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் நாம் கரையில் உட்கார்ந்துவிட்டோம் என்று யார் உங்களுக்குச் சொன்னது? 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்ததே ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையின் மாலிந்தியில் ஏற்றிக்கொண்ட ஒரு வழிகாட்டி மாலுமியால்தான். 1511இல் போர்த்துக்கீசியர்கள் மலாக்காவைப் பிடித்தபோது அந்த ஊரின் பெரும் வணிகர்களில் தமிழர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகும் நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் கப்பல்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருந்தன. பாடப்புத்தகத்தில் இல்லை என்றால் நடக்கவே இல்லை என்று முடிவு கட்டிவிடுவதா? சோழர் கடற்படை பற்றி இன்னொரு நாள் பேசலாம். பீரங்கி முக்கியம்தான், அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

நான் சொல்ல நினைப்பது ஜாதிக்காயைப் பற்றி. எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் பாட்டி முதல் வேலையாக உரைகல்லைக் கழுவி வைப்பாள். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று ஒவ்வொன்றையும் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுவாள். அந்த ஜாதிக்காய் எந்த ஊரில் காய்க்கிறது என்று நான் கேட்டதில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதி வரைக்கும் உலகம் முழுவதற்கும் அது ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கில் நெய்ரா, லோந்தோர், ஆய், ருன் என்று சில சின்னஞ்சிறு தீவுகள், அவைதான் பண்டா. ஐரோப்பியன் ஒருவன்கூட அந்தக் கடலைப் பார்ப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் காய் நம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

பண்டாவில் அரசன் கிடையாது. ஒராங் காயா எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் வியாபாரத்தைப் பேசி முடிப்பார்கள். ஜாவாக்காரர், மக்காசார்காரர், யார் வந்தாலும் விற்பார்கள். பதிலுக்கு அரிசியும் துணியும் வாங்குவார்கள். டச்சுக்காரர்கள் கொண்டுவந்த தடித்த கம்பளித் துணி அந்தப் புழுக்கத்தில் யாருக்கு வேண்டும்? அங்கே எடுபட்டது சோழமண்டலக் கரையிலும் குஜராத்திலும் நெய்த பருத்தித் துணி. டச்சுக்காரர்கள் 1610இல் பழவேற்காட்டில் இடம் வாங்கியதும், 1613இல் கெல்த்ரியா கோட்டையைக் கட்டியதும் இதற்காகத்தான். பண்டாவை ஒட்டிய மொலுக்கா தீவுகளுக்குச் சோழமண்டலக் கரைதான் இடது கை, அந்தத் துணி இல்லாவிட்டால் அங்கே வியாபாரம் செத்துவிடும் என்று 1612இல் ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியே எழுதிவைத்திருக்கிறார். நம் நெசவாளி தறியில் உட்கார்ந்திருந்தான், அவன் துணி பண்டா வரைக்கும் போயிருந்தது. இதில் யார் யாரைக் கண்டுபிடித்தார்கள்?

சரி, வாங்கி விற்பதோடு நின்றிருந்தால் நானும் அதைத் தேடல் என்றோ துணிச்சல் என்றோ ஒப்புக்கொண்டு போயிருப்பேன். 1602இல் தொடங்கிய அந்தக் கம்பெனிக்கு நெதர்லாந்து அரசு கோட்டை கட்டவும் படை வைத்துக்கொள்ளவும் போர் தொடுக்கவும் உரிமை எழுதிக் கொடுத்தது. லாபத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய ஒரு வியாபார நிறுவனத்தின் கையில் போர் செய்யும் அதிகாரம். இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஜாதிக்காயை எங்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும், நாங்கள் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றார்கள். தீவுக்காரர்கள் கையெழுத்தும் போட்டார்கள், மற்றவர்களுக்கு விற்கவும் செய்தார்கள். விற்காமல் எப்படி இருக்க முடியும்? சோறு வெளியிலிருந்துதான் வர வேண்டும். 1609இல் பேச்சுவார்த்தைக்கு வந்த தளபதி வெர்ஹூவனையும் அவரோடு வந்தவர்களையும் தீவுக்காரர்கள் கொன்றார்கள். அதை நான் மறைக்கவில்லை. அந்தக் கப்பற்படையில் இளம் வணிகனாக வந்திருந்தவன்தான் யான் பீட்டர்சூன் கூன். போர் இல்லாமல் வியாபாரம் நடத்த முடியாது, வியாபாரம் இல்லாமல் போரும் நடத்த முடியாது என்று 1614இல் மேலிடத்துக்கு எழுதியவன்.

1621இல் அவன் கவர்னர் ஜெனரலாகப் படையோடு திரும்பி வந்தான். 44 ஒராங் காயாக்களை நசாவ் கோட்டையில் மூங்கில் அடைப்புக்குள் நிறுத்தி, கூலிக்கு வந்த ஜப்பானிய வீரர்களைக் கொண்டு வெட்டினார்கள். மலையேறித் தப்பியவர்கள் பட்டினியில் செத்தார்கள், பலரை பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றினார்கள். சுமார் 15,000 பேர் இருந்த தீவுகளில் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான் மிஞ்சினார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கம்பெனி இயக்குநர்கள் இன்னும் மிதமாக நடந்திருக்கலாம் என்று கூனைக் கடிந்துகொண்டு, வெகுமதியும் கொடுத்தார்கள். 1893இல் அவன் பிறந்த ஹோர்ன் நகரத்தில் சிலை வைத்தார்கள்.

மரங்கள் இருந்தன, பறிக்க ஆளில்லை. நிலத்தைத் தோட்டங்களாகப் பிரித்து டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் சோழமண்டலக் கரையின் ஆட்களும் உண்டு, எம். துணி போன அதே பாதையில் ஆட்களும் போனார்கள். பின்னால் 1659இல் பீஜப்பூர் படை தஞ்சாவூருக்குள் வந்து பஞ்சமும் சேர்ந்துகொண்டபோது, பசிக்குத் தன்னையே விற்றுக்கொண்டவர்களையும் பிள்ளைகளை விற்றவர்களையும் டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் ஏற்றினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அந்தக் காவிரிக்கரைக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு மேற்கொண்டு எழுத ஓடவில்லை. நீங்கள் காமாவுக்காகப் பரவசப்படுகிறீர்கள். இந்தப் பிள்ளைகளுக்காக நம்மில் யாராவது ஒரு பக்கமாவது படித்திருக்கிறோமா?

இதற்கான கணக்குகள் டச்சு மொழியில் இருக்கின்றன. கம்பெனியின் பெருந்தொகையான ஏடுகள் ஹேக் நகரத்து தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடக்கின்றன. எழும்பூரில் நம் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலேயே டச்சு ஏடுகள் உண்டு, பெரும்பாலும் கொச்சியிலிருந்து வந்தவை. அவற்றை நேராக வாசிக்கத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவு. உங்களுக்கு வயது இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. கல்லூரி முடிந்ததும் டச்சு படிக்க வழியைப் பாருங்கள். செலவுக்குக் கஷ்டமாக இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.