அயனியாக்கும் ஒளியைக் கசியவிடும் சிறு பேரடைகள்: கேள்வி பதில்

கேள்வி: எல்லாப் பேரடைகளிலிருந்தும் ஒளி வெளியே வருகிறதே, ஐயா, ‘கசிவு’ என்று தனியாகச் சொல்வது எதை?

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 13.6 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தேவை. 912 ஆங்ஸ்ட்ராமுக்குக் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) குறைந்த அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளிக்கு அந்த ஆற்றல் உண்டு. பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆன பெருநிறை விண்மீன்கள் இதை ஏராளமாக உமிழ்ந்தாலும், சுற்றியுள்ள ஹைட்ரஜன் பெரும்பகுதியை உட்கவர்ந்துகொள்கிறது. அதையும் மீறிப் பேரடைக்கு வெளியே செல்லும் பங்கே கசிவு.

கேள்வி: பேரண்டத்தின் ஹைட்ரஜனை மீண்டும் அயனியாக்கிய தொடக்ககாலப் பேரடைகளையே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் அளந்துவிடலாமே?

அவற்றின் மற்ற ஒளியை அளக்கலாம். அயனியாக்கும் ஒளியை மட்டும் அளக்க இயலாது. வழியிலுள்ள நடுநிலை ஹைட்ரஜன் (எலெக்ட்ரானை இழக்காத ஹைட்ரஜன்) அதை நம்மிடம் வரவிடாது. ஆகவே அவற்றை ஒத்த அண்மைப் பேரடைகளை நாடுகிறோம். மிக அருகில் இருந்தாலும் பயனில்லை. நம் பால்வழியின் ஹைட்ரஜனும் 912 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே ஒளியைத் தடுக்கும். செந்நகர்ச்சி (பேரண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 0.3 அளவில் இருந்தால், அந்த ஒளி ஏறத்தாழ 1190 ஆங்ஸ்ட்ராமுக்கு நீண்டு, ஹபிள் தொலைநோக்கியின் புற ஊதா நிறமாலைமானிக்கு எட்டுகிறது.

கேள்வி: ‘பச்சைப் பட்டாணி’ப் பேரடைகள் அனைத்தும் கசிபவையா?

இல்லை. பேரடைப் படங்களைப் பொதுமக்கள் வகைப்படுத்தும் ‘கேலக்ஸி ஸூ’ திட்டத்தின் தன்னார்வலர்கள் கண்டெடுத்து, 2009-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்த இந்தச் சிறு பேரடைகளில் இரட்டை அயனியான (இரு எலெக்ட்ரான்களை இழந்த) ஆக்சிஜனின் 5007 ஆங்ஸ்ட்ராம் வரி, அதாவது நிறமாலையில் அந்த அலைநீளத்தில் ஒளிரும் கோடு, மிக வலுவானது. ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் படங்களில் பச்சையாகக் காட்டப்படும் அலைப்பட்டைக்குள் அது விழுவதே நிறத்துக்குக் காரணம். பச்சை நிறம் தீவிர விண்மீன் பிறப்பைச் சொல்லுமே தவிர, கசிவை உறுதிசெய்யாது.

கேள்வி: ஆக்சிஜன் வரிகளின் விகிதம் 10 என்று எனக்கு வருகிறது. கசியும் பேரடை என்று எழுதலாமா?

எழுத வேண்டாம். 5007 வரியின் வலிமையை, ஒற்றை அயனி ஆக்சிஜன் (ஓர் எலெக்ட்ரானை இழந்தது) தரும் 3727 வரியின் வலிமையால் வகுத்துக் கிடைக்கும் இந்த விகிதத்தின் பின்னணி எளியது: வாயு மேகத்தின் வெளிவிளிம்பில்தான் ஒற்றை அயனி ஆக்சிஜன் மிகுதியாக இருக்கும், கதிர்வீச்சு மேகம் முழுவதையும் அயனியாக்கி ஊடுருவிவிட்டால் அந்த விளிம்பே இல்லாமல் போய், 3727 வரி மெலியும். ஆனால் கனத் தனிமங்கள் குறைவாக இருந்தாலும், கதிர்வீச்சு வாயுவின் அடர்த்தியை விஞ்சும் அளவுக்குச் செறிந்திருந்தாலும் விகிதம் உயரும். போதாக்குறைக்கு, வாயுவில் உள்ள துளை நம்மை நோக்கித் திறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உயர்ந்த விகிதம் வலுவான கசிவுக்கு ஏறக்குறையத் தேவையான நிபந்தனை; போதுமான நிபந்தனை அன்று. பல அடையாளங்களின்படி தேர்ந்தெடுத்து ஹபிள் மூலம் ஆராயப்பட்ட 66 பேரடைகளில் 35-இல் மட்டுமே கசிவு தென்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படியானால் எந்த அடையாளத்தை நம்புவது?

என் தேர்வு, ஹைட்ரஜன் புற ஊதாவில் உமிழும் லைமன் ஆல்ஃபா வரி. அதன் இரு முகடுகளுக்கு இடையிலான வேக வேறுபாடு குறைந்தால், நடுநிலை ஹைட்ரஜன் மெலிந்திருக்கிறது என்று பொருள். 46 விழுக்காடு கசியவிடும் ஜே1154+2443 பேரடையில் அந்த இடைவெளி நொடிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். கந்தக வரிகளின் மெலிவும், மக்னீசியத்தின் 2796, 2803 வரிகளும் துணைச்சான்றுகள்.

கேள்வி: இதில் இந்தியத் தொலைநோக்கிகளுக்குப் பங்கு உண்டா?

உண்டு. 2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியைக் கொண்டு, புனேயின் வானியல் ஆய்வு மையமான ஐயுகாவைச் சேர்ந்த கனக் சாகாவின் தலைமையிலான குழு 1.42 செந்நகர்ச்சியில் கசியும் பேரடையொன்றைக் கண்டு 2020-இல் அறிவித்தது.

கேள்வி: நேரடியாக ஒளி தெரிந்துவிட்டால் ஐயமே இல்லையல்லவா?

தொலைவு கூடக் கூட ஐயமும் கூடும். பார்வைக்கோட்டில் முன்னால் உள்ள மங்கலான வேறொரு பேரடையின் சாதாரண ஒளி கசிவுபோலத் தோன்றலாம். செந்நகர்ச்சி 3 அளவில் அறிவிக்கப்பட்ட சில கசிவுகள், ஹபிளின் கூர்மையான படங்களில் இவ்வாறே பொய்த்தன.