மகள் தர மேலாண்மை படிக்கலாமா?

உங்கள் மகள் தர மேலாண்மையில் மேற்படிப்புக்குச் சேர விரும்புகிறாள். ஆனால் பழுதான பொருளைப் பொறுக்கி ஒதுக்கும் வேலையில்தான் அது போய் முடியுமோ என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். அப்படி ஒரு வேலை இருப்பது உண்மை. அந்த வேலை மட்டும் போதாது என்று தெரிந்தபோது பிறந்த துறைதான் இது.

1924ஆம் ஆண்டு மே மாதம், தொலைபேசிக் கருவிகள் செய்த அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதில், அளந்தவற்றைப் புள்ளிகளாகக் குறித்து, கணக்கிட்டு வரம்புக் கோடுகள் இட்ட ஒரு வரைபடம் இருந்தது. எந்த இயந்திரமும் எல்லாப் பொருளையும் இம்மி பிசகாமல் ஒரே அளவில் செய்வதில்லை. சிறு ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைச் சரிசெய்யப்போய் இயந்திரத்தைத் திருகிக்கொண்டிருந்தால் பழுது கூடத்தான் செய்யும். வரம்பைத் தாண்டி ஒரு புள்ளி விழுந்தால் மட்டும் அதற்கென்று தனிக் காரணத்தைத் தேட வேண்டும். எப்போது கைவைப்பது, எப்போது விட்டுவிடுவது என்பதைக் கணக்கு சொல்லிவிடுகிறது. இந்தப் படிப்பில் இதைவிட ஆழமான பாடம் வேறில்லை என்பேன். இது அவளுக்குப் பிடித்துப்போனால் மற்றதெல்லாம் தானாக வரும்.

ஷூஹார்ட்டிடம் கற்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானுக்குச் சென்று பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் விரிவுரை ஆற்றினார். 1954இல் இன்னொரு தர மேலாண்மை வல்லுநரான ஜோசப் ஜுரான் அங்கே சென்றார். 1962இல் ஜப்பானியப் பேராசிரியர் கவுரு இஷிகாவாவின் முயற்சியால் தொழிலாளர்களே கூடி அமர்ந்து சிக்கலை அலசும் தர வட்டங்கள் தொடங்கின. பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் தொழிலாளி அல்ல, அவர் வேலை செய்யும் முறைதான். அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது என்று டெமிங் கடைசிவரை வலியுறுத்தினார். ஆகவே, இந்த வேலைக்குத் துணிவும் வேண்டும். மேலாளரின் முகத்துக்கு நேரே, புள்ளிவிவரத்தோடும் பணிவோடும், அவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் மகளால் அது முடியுமா என்பது எனக்கு மதிப்பெண்ணைவிட முக்கியமாகப் படுகிறது.

1980களில் மோட்டோரோலா நிறுவனம் பழுதைக் குறைப்பதற்கான சிக்ஸ் சிக்மா முறையை உருவாக்கியது. பழுது நேரக்கூடிய பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பழுதுக்கு மேல் கூடாது என்பது அதன் இலக்கு. 1987இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஓ 9000 தர நிர்ணயங்கள் வெளிவந்தன. அவை எந்தத் துறைக்கும் பொருந்துபவை என்பதால் மருத்துவமனை, மென்பொருள், மருந்துத் தயாரிப்பு, வங்கி என்று எங்கும் இந்தப் பணி இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சில நாள் வகுப்பில் தரப்படும், சிக்ஸ் சிக்மா தேர்ச்சி நிலையைக் குறிக்கும் 'பெல்ட்' சான்றிதழை நம்பி இப்போது பணம் கட்ட வேண்டாம். வேலை அனுபவம் கிடைத்த பிறகு அது பயன்படும். அதற்கு முன் அது வெறும் காகிதம்தான். முதலில் படிப்பின் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். புள்ளியியலுக்கு எத்தனை பருவம் ஒதுக்கியிருக்கிறார்கள்? மாணவர்கள் உண்மையான பணியிடத்தில் தாங்களே தரவு எடுத்து ஆராய வேண்டிய பயிற்சி இருக்கிறதா? வெறும் தணிக்கைப் படிவங்களை நிரப்பவே கற்றுத்தருகிறார்கள் என்றால் வேறு கல்லூரியைத் தேடுங்கள். துறையை மாற்ற வேண்டாம்.