மஞ்சப் பையை முதல்ல அப்பா கைல குடுங்க

கேள்வி: அக்கா, நாங்க டி.கல்லுப்பட்டி பக்கம். எங்கப்பா போஸ்ட்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர், இப்ப 78 வயசு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஊருக்காகத்தான் அலையுறார், மனு எழுதுறது, பென்சன் வாங்கிக் குடுக்குறது, யாருக்காச்சும் முடியலைன்னா மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு. போன மாசம் தாலுகா ஆபீஸ் போயிட்டு வரும்போது சுகர் இறங்கி, பஸ்ல இருந்து எறங்கையில விழுந்துட்டார். அண்ணன் கோவத்துல அவரோட மஞ்சப் பையை பீரோவுல வச்சுப் பூட்டிட்டான். வர்ற ஆளுகளையும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுறான். அப்பா யார்கிட்டயும் பேசுறதில்ல, சாப்பாடும் சரியில்ல. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அண்ணன் செய்றது சரியா? அப்பாவை எப்படி சமாதானப்படுத்துறது?

பதில்: தங்கச்சி, சமாதானமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இன்னைக்கே அந்தப் பையை எடுத்து அப்பா கைல குடுங்க. அண்ணன் குடுத்தா இன்னும் நல்லது.

அண்ணன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. பெத்த தகப்பன் ரோட்டுல விழுந்து கெடந்தா எந்தப் பிள்ளைக்கும் பதறத்தான் செய்யும். இந்த வயசுல சுகரை வச்சுக்கிட்டு வெறும் வயித்தோட பஸ் ஏறி எறங்குறது ஆபத்துதான், அதை நிறுத்தச் சொல்லுங்க, நானும் அதைத்தான் சொல்றேன். ஆனா வாசலுக்கு வர்ற ஆளைத் திருப்பி அனுப்புறது வேற விஷயம். அது அப்பாவோட சுகரைச் சரிபண்ணாது, அவரைப் படுக்கைல தள்ளிரும்.

அந்தப் பைல என்ன இருக்குன்னு லெட்டர்ல விவரமா எழுதியிருந்தீங்க, நீளமா இருந்ததால மேல அதைப் போடல. வெள்ளைத்தாளு, பசை டப்பா, கைநாட்டு வைக்க இங்க் பேடு, யார் யாரோட ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மனு குடுத்த ரசீதெல்லாம் ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு, பழைய டைரி ஒண்ணு. அதைப் படிச்சிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஒரு காலத்துல முதியோர் பென்சன் மணியார்டர்லதான வரும், எந்தக் கெழவி எந்தத் திண்ணைல கெடக்கு, யாருக்கு மகன் சோறு போடல, யாருக்கு வந்துக்கிட்டிருந்த பணம் திடீர்னு நின்னுபோச்சுன்னு போஸ்ட்மேனுக்குத் தெரிஞ்ச அளவுக்கு எந்த ஆபீசருக்கும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத சனத்துக்கு லெட்டரைப் படிச்சுக் காட்டி, பதிலும் எழுதிக் குடுத்துத்தான் உங்கப்பாவோட சேவை ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

இன்னைக்கு எல்லாம் ஆன்லைன் ஆயிருச்சே, இவரு எதுக்குன்னு அண்ணன் கேக்குறார்னும் எழுதியிருந்தீங்க. இ-சேவை மையத்துல பதிஞ்சா மட்டும் பென்சன் வந்துருமா? கிராம நிர்வாக அலுவலர் வி.ஏ.ஓ. பாக்கணும், வருவாய் ஆய்வாளர் ஆர்.ஐ. பாக்கணும், அப்புறம் தனி தாசில்தார் கைக்குப் போகணும். நடுவுல ஆதார்ல வயசு தப்பா இருக்கும், ரேஷன் கார்டுல ஒரு பேரு பேங்க்ல ஒரு பேரு இருக்கும், காலம்பூரா களையெடுத்துத் தேஞ்ச விரலு மெஷின்ல வச்சா ரேகையே விழாது. மாசம் வர்ற அந்தப் பணம் நமக்கு ஒரு ஹோட்டல் பில்லு, அந்தக் கெழவிக்கு மருந்து, வெத்தலை, பேத்திக்கு வாங்குற பன்னு எல்லாமே அதுலதான். எந்த இடத்துல மனு நின்னு கெடக்கு, யாரைப் பாத்தா நகரும்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல? உங்க ஊருல அந்த ஆளு உங்கப்பாதான்.

அதனாலதான் எனக்கு இன்னொரு கவலை, அப்பாவுக்குத் தெரிஞ்சது அவ்வளவும் அவர் தலைக்குள்ளயும் அந்த டைரிலயும் மட்டும் இருக்கு. அவர் கீழ விழுந்த அன்னைக்கே உங்க ஊருல எத்தனையோ பேரோட மனுவும் அவரோட சேந்து விழுந்துருச்சு. இத்தனை வருசம் சேவை செஞ்சவர் கூட ஒரு ஆளைப் பழக்கி வைக்கலைங்கிறது குறைதான், அதை மரியாதையா அவர்கிட்டயே சொல்லலாம், தப்பில்ல. நம்ம மதுரை டாக்டர் வெங்கடசாமி ஐயாவைப் பாருங்க, அரசாங்க வேலைல இருந்து 58 வயசுல ரிட்டையர் ஆகி, 1976ல 11 படுக்கையோட அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சார், அதுக்கு ரொம்ப முன்னாடியே மூட்டுவாதத்துல விரலெல்லாம் கோணிப்போனவர். கிராமத்துப் பொண்ணுகளை எடுத்துப் பயிற்சி குடுத்து வேலையைப் பிரிச்சுக் குடுத்தாங்க. 2006ல அவர் போயிட்டார், ஆஸ்பத்திரி நிக்கல.

உங்கப்பாவும் அதைச் செய்யணும், செய்ய வைக்க வேண்டியது நீங்க. காலைல சாப்பிட்டு மாத்திரை போட்ட பிறகு ரெண்டு மணி நேரம் திண்ணைல உக்காரட்டும், வர்றவங்க அங்க வரட்டும். எழுதுறது, வழி சொல்றது அவர். அலையுறதுக்கு வேற கால் வேணும். மகளிர் குழுவுல வெவரமான பொண்ணு ஒண்ணு ரெண்டு இல்லாமயா போகும், காலேஜ் முடிச்சிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பசங்க இருப்பாங்க, அவங்களைப் பக்கத்துல உக்கார வைங்க. எழுதப் படிக்கத் தெரியாத, சின்னப்பிள்ளைன்னு ஒரு அம்மா, இதே மதுரைப் பக்கத்துக் கிராமத்துல களஞ்சியம்ங்கிற சேமிப்புக் குழு பொம்பளைகளைச் சேத்துக்கிட்டு வட்டிக்காரங்க கைல இருந்து எத்தனை குடும்பத்தை மீட்டாங்க, 2001ல பிரதமர் வாஜ்பாயே அவங்க காலைத் தொட்டுக் கும்பிட்டார். டைரில இருக்கிறதை ஒரு பெரிய நோட்டுல தெருவாரியா எழுதச் சொல்லுங்க, பேரு, எந்த மனு, என்னைக்குக் குடுத்தது, ரசீது நம்பர், இப்ப எங்க நிக்குது. கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குறைதீர் நாளுக்கு அந்த நோட்டோட ஒரு சின்னப் பையன் போனாலும் வேலை நடக்கும். மத்தவங்க ஆதார் ஜெராக்ஸை மட்டும் கண்ட இடத்துல போட்டு வைக்க வேணாம், வேலை முடிஞ்சதும் அவங்கவங்க கைல திருப்பிக் குடுத்துரச் சொல்லுங்க.

ஊருக்காக உழைக்கிற இந்தப் பழக்கம் உங்க ஊரு மண்ணுக்கே உண்டும்மா. காந்தி நிகேதன் ஆசிரமம் 1940ல கல்லுப்பட்டிலதான ஆரம்பிச்சாங்க, அமெரிக்கால கொலம்பியா யுனிவர்சிட்டில படிச்ச காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா கடைசி வருசங்களை அங்கதான் கழிச்சார், 1960 ஜனவரி 30, காந்தி போன அதே தேதில அவரும் போனார். அப்ப உங்கப்பா சின்னப் பையன், அவரைப் பாத்திருக்காரான்னு ஒருநாள் கேட்டுப் பாருங்க, பேசாம இருக்கிற மனுசன் பேச ஆரம்பிச்சிருவார்.

இப்ப அம்மா விஷயம். "அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க"ன்னு ஒரே வரில தாண்டிட்டீங்க, எனக்கு அந்த எடத்துலதான் மனசு நிக்குது. ராத்திரி பத்து மணிக்கு எவனாச்சும் கதவைத் தட்டுனா எந்திரிச்சு லைட்டைப் போட்டது யாரு, வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போட்டது யாரு, மாசக் கடைசில கைல காசில்லாதப்ப அந்தக் காப்பிப்பொடியை வாங்க வழி பண்ணது யாரு? ஊரு ஐயான்னு கும்பிட்டுட்டுப் போயிருச்சு, அம்மாவை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? அண்ணனும் அப்பாவும் இல்லாத நேரமாப் பாத்து, அவங்களைத் தனியா உக்கார வச்சுக் கேளுங்க. எனக்கு முடியல, போதும்னு சொன்னாங்கன்னா திண்ணை வேணாம், நூலகத்துலயோ கோயில் மண்டபத்துலயோ உக்கார எடம் கேளுங்க, காப்பி கடையில இருந்து வரட்டும். இதுல அம்மா சொல்றதுதான் கடைசி முடிவு, அப்பாவும் ஒத்துக்கணும்.

அப்புறம் அண்ணனுக்கு ஒரு வேலை இருக்கு. விழுந்த அன்னைக்கு அப்பா யாரோட மனுவுக்காகப் போனார்னு விசாரிச்சு, அந்த ஒரே ஒரு மனுவை அண்ணனே தூக்கிட்டு தாலுகா ஆபீசுக்குப் போயிட்டு வரட்டும், ஒரு நாள் லீவு போட்டா ஒண்ணும் குறைஞ்சிராது. அப்பாவை டாக்டர்கிட்ட காட்டி, சுகர் இப்படி எறங்காம இருக்க மாத்திரை அளவை மாத்தணுமான்னும் கேட்டுட்டு வாங்க. அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க.