வி-கிராஸுக்கு ரீமேப் செய்யலாமா? வால்பாறை ஏறும் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: என்னிடம் 2021 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப் இருக்கிறது. பிஎஸ்6 (புகை மாசு விதி), 1.9 டீசல், மேனுவல் கியர். வாரம் ஒருமுறை தோட்டச் சாமானோடு பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறுவேன். கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் வண்டி இழுக்க மறுக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை ரீமேப் செய்தால், அதாவது அதன் மென்பொருளை மாற்றி எழுதினால், 40 குதிரைத்திறன் கூடும், புகையில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-ஐயும் கழற்றிவிடலாம் என்கிறார் ஒரு ட்யூனர். 265/65 ஆர்18 டயர் போட்டிருக்கிறேன். வேறு எதையும் மாற்றவில்லை. செய்யலாமா?

பதில்: டயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். வண்டியோடு வந்த 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மில்லிமீட்டர். நீங்கள் போட்டிருப்பது 802. எல்லா கியரிலும் 5 சதவீத இழுவை அங்கேயே போய்விட்டது. ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். அடுத்த டயர் மாற்றும்போது பழைய அளவுக்கே திரும்பினால் கூடுதல் செலவில்லாமல் அந்த இழுவை திரும்பக் கிடைக்கும்.

அடுத்தது வளைவு. உங்கள் எஞ்சின் 360 நியூட்டன் மீட்டர் டார்க்கை (திருகு விசையை) 2000 முதல் 2500 ஆர்பிஎம்முக்குள் தருகிறது. இரண்டாவது கியரில் வளைவு திரும்பி முடிக்கும்போது ஆர்பிஎம் முள் 1500-க்குக் கீழே விழுந்திருக்கும். அங்கே எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைச் சுழற்றப் போதுமான புகை வேகம் கிடையாது. எந்த ரீமேப்பாலும் அதை உண்டாக்க முடியாது. காற்று வராத இடத்தில் டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகை வரும், கிளட்ச் வழுக்கும், கனெக்டிங் ராடுக்கு அடி விழும். பாரத்தோடு போகும்போது அந்த வளைவுகளை முதல் கியரில் எடுங்கள். ரீமேப்பின் பலன் தெரிவது வளைவு தாண்டிய நேர் ஏற்றத்தில்தான்.

அதற்குப் பிறகும் ரீமேப் வேண்டும் என்றால், முதலில் வண்டி நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கேனரைச் சொருகி, முழு ஆக்சிலரேட்டரில் இசியூ கேட்கும் பூஸ்டையும் (டர்போ தரும் காற்றழுத்தம்) உண்மையில் கிடைக்கும் பூஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். இரண்டுக்கும் இடைவெளி இருந்தால் எங்கோ கசிகிறது. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிளாம்ப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் பெரும்பாலும் அந்த இடம்தான். பல வண்டிகளில் அதைச் சரிசெய்ததுமே ரீமேப் பேச்சு நின்றுவிடும்.

ட்யூனரைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: உங்கள் வண்டியை ஓட்டி லாக் (ஓடும்போது எடுக்கும் அளவுப் பதிவு) எடுக்காமல் ட்யூன் கோப்பை ஏற்றுகிறவர் செய்வது கஸ்டம் ட்யூன் அல்ல. யாருக்கோ எழுதிய கோப்பு அது. ஒழுங்காகச் செய்பவர் முதலில் உங்கள் இசியூவில் இருக்கும் மூலக் கோப்பைப் படித்து எடுத்து, அதன் நகலை உங்களுக்கும் தருவார். மாற்றம் ஏற்றியதும் ஏற்றத்தில் ஓட்டி ரெயில் பிரஷர் (டீசல் பாயும் அழுத்தம்), பூஸ்ட், புகை வெப்பம் பார்ப்பார், பார்த்துவிட்டுத் திருத்துவார். 40 குதிரைத்திறன் என்றால் உங்கள் எஞ்சினின் 163-இல் 25 சதவீதம். மலையேறும் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டார்க்கில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 410 நியூட்டன் மீட்டருக்குள், அதுவும் 2000-க்கு மேல் படிப்படியாக ஏறட்டும். ஸ்மோக் லிமிட்டரைத் திறந்துவிட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காற்றுக்கு ஏற்ற டீசலுக்கு மேல் போகாமல் தடுப்பது அது. அதைத் திறந்தால் புகை வெப்பம் எகிறி, நீண்ட ஏற்றத்தில் முதலில் அடி வாங்குவது பிஸ்டனும் டர்போவும்.

கோப்பு ஏற்றும்போது பேட்டரிக்கு ஸ்டெபிலைஸ்டு பவர் சப்ளை இணைத்திருக்க வேண்டும். பாதி எழுதும்போது வோல்டேஜ் விழுந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இசியூவைக் கழற்றி பெஞ்சில் வைத்து மீட்க வேண்டி வரும். சாதாரணப் பேட்டரி சார்ஜரை மாட்டுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

டிபிஎஃப்-ஐக் கழற்றவே கூடாது. அது இல்லாத வண்டி பிஎஸ்6 வண்டியே அல்ல. அந்தக் கரித்தூள் உங்கள் தோட்டத்து ஆட்களின் நுரையீரலுக்குத்தான் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ரீமேப்பும் சட்டக் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. வாரண்டி மிச்சமிருந்தால் எஞ்சின், கியர்பாக்ஸ் கோரிக்கை மறுக்கப்படலாம். மூலக் கோப்பைத் திருப்பி ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை பல இசியூக்களில் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

ரீமேப்புக்குப் பிறகு டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பாருங்கள். எண்ணெய் மட்டம் ஏறிக்கொண்டே போனால், டிபிஎஃப்-இல் சேரும் கரியை இசியூ அடிக்கடி எரிப்பதால் டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது என்று பொருள். உடனே எண்ணெயை மாற்றி, லாக்கோடு ட்யூனரிடம் போங்கள். சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தால் ட்யூன் அழிந்துவிடும் என்பதால், வண்டியை விடும்போதே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.