குரல் ஒரு காலம், படம் ஒரு காலம்

கேள்வி: புலம்பெயர்ந்தவர்கள் பற்றிய ஆவணப்படம் எதைப் போட்டாலும் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்கலங்கப் பேட்டி கொடுக்கிறார். வேறு மாதிரி யாரும் எடுக்கவில்லையா?
(கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: எடுத்திருக்கிறார்கள். யோனாஸ் மேகாஸின் 'லாஸ்ட், லாஸ்ட், லாஸ்ட்' படத்திலிருந்து தொடங்குங்கள். மேகாஸ் லித்துவேனியக் கிராமத்தில் பிறந்த கவிஞர். 1944இல் தம்பியோடு ஊரை விட்டுக் கிளம்பியவரை ஜெர்மானியர்கள் பிடித்து ஹாம்பர்க் பக்கத்தில் எல்ம்ஸ்ஹார்ன் என்ற ஊரில் கட்டாய வேலை முகாமில் போட்டார்கள், போர் முடிந்தபோது ஊரில் சோவியத் ஆட்சி, அப்புறம் அகதி முகாம்களில் சில வருடம் ஓட்டிவிட்டு 1949இல் நியூயார்க் வந்து இறங்கினார். வந்த சில வாரங்களிலேயே கடன் வாங்கி ஒரு போலெக்ஸ் 16 எம்.எம். கேமரா வாங்கிவிட்டார். கையில் காசில்லாத ஒரு அகதி அதைத்தான் முதலில் வாங்கியிருக்கிறார்!

புரூக்ளினில் தன்னைப் போலவே வந்து சேர்ந்த லித்துவேனியர்களின் கூட்டங்கள், பிக்னிக் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். ஆனால் படம் வெளிவந்தது 1976இல். திரையில் இருப்பது 1949 முதல் 1963 வரையிலான ஆட்கள், பின்னணிக் குரலில் பேசுவதோ ஐம்பதைத் தாண்டிய மேகாஸ். நாடு விடுதலையாக வேண்டும், ஊர் திரும்ப வேண்டும் என்று அவர்கள் கூட்டம் போடுகிறார்கள், அது நடக்கவில்லை என்று அந்தக் குரலுக்குத் தெரியும். பேட்டியில் இது கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அங்கே இன்றைய நினைவு மட்டும்தான் பேசும்.

கேள்வி: அவர் ஊருக்குத் திரும்பினாரா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: 1971இல் போனார், 27 வருடம் கழித்து. அடுத்த வருடம் அந்தப் பயணமும் படமானது. அம்மா வெளியில் அடுப்பு மூட்டிச் சமைப்பதை அவ்வளவு ஆசையாக எடுத்திருக்கிறார். எல்ம்ஸ்ஹார்னுக்கும் போகிறார், எனக்கு அந்தப் பகுதிதான் அதிகம் வலித்தது.

ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நாஜி ஆக்கிரமிப்பின்போது அவர் வேலை பார்த்த பத்திரிகைகள் யூத வெறுப்பைப் பரப்பியவை என்று 2018இல் ஒரு ஆய்வாளர் எழுதி, பெரிய விவாதமானது. அவர் ஊருக்குப் பக்கத்து நகரமான பிர்ஜாயில் 1941 ஆகஸ்டில் சுமார் 2,400 யூதர்களைக் கொன்றிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டே படத்தைப் பாருங்கள், அந்தக் குரல் எதை நினைவுகூர்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கவனியுங்கள். அதற்காகப் படத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.